ஏரிக்கரையில் ரசாயன ஆலை: வழக்கா, போராட்டமா?

கேட்கப்பட்டது சுருக்கமாக இது: "எங்கள் ஊர் ஏரிக்கு ஐப்பசியிலிருந்து மாசி வரை கூழைக்கடா, நாரை, வாத்து எல்லாம் வருகின்றன. ஏரியை ஒட்டிய பட்டா நிலத்தில் ரசாயனத் தொழிற்சாலை வரப்போவதாகச் சொல்கிறார்கள். பொக்லைன் வந்து நிலத்தைச் சமன் செய்கிறது. பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதா, ஊரைத் திரட்டிப் போராடுவதா?"

இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டுக்கும் முன்னால், இந்த வாரமே ஒரு வேலை இருக்கிறது. அந்த ஆலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வந்துவிட்டதா, வந்திருந்தால் எந்தத் தேதியில் என்று கண்டுபிடியுங்கள். நியாயம் முழுக்க மக்கள் பக்கம் இருந்தும், நாள் கடந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட மனுக்கள் ஏராளம்.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், திட்ட வகை கொடுத்துத் தேடலாம். கம்பெனியின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கிராமப் பெயரையும் சர்வே எண்ணையும் வைத்துப் பிடித்துவிடலாம். விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதுதான் உங்கள் அடுத்த அடியைத் தீர்மானிக்கும். ஆய்வு வரம்பு, அதாவது மதிப்பீட்டு அறிக்கை எதையெல்லாம் ஆராய வேண்டும் என்ற பட்டியல், மட்டும் கொடுக்கப்பட்டிருந்தால் உங்களுக்கு நிறைய நேரம் இருக்கிறது. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டிருந்தால் 30 நாள் இருக்கிறது. அனுமதி வந்துவிட்டிருந்தால் உங்களுக்குத் தெரியாமலேயே நாட்கள் எண்ணப்பட்டுக்கொண்டிருக்கின்றன.

தளத்தில் அப்படி ஓர் அனுமதியே இல்லை, ஆனாலும் பொக்லைன் ஓடுகிறது என்றால் அதுவே மீறல். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, முன் அனுமதி வாங்காமல் கட்டுமானம் மட்டுமல்ல, நிலத்தைத் தயார்படுத்தும் வேலையும் கூடாது என்கிறது. இடத்தைப் பாதுகாக்க வேலி போடுவதற்கு மட்டும் விலக்கு. ஆகவே இன்றைக்கே தேதி, நேரம், இடக் குறியீட்டோடு படம் எடுத்து, கலெக்டருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள்.

நாள் கணக்கைத் தெளிவாகப் புரிந்துகொள்வது அவசியம். 2010-ஆம் ஆண்டின் தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தில் மூன்று கதவுகள் இருக்கின்றன. சுற்றுச்சூழல் அனுமதி போன்ற ஓர் ஆணையை எதிர்த்து மேல்முறையீடு செய்வது பிரிவு 16. அதற்கு 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் இன்னொரு 60 நாள். மொத்தம் 90. தொண்ணூற்று ஒன்றாம் நாள் என்ன காரணம் சொன்னாலும் தீர்ப்பாயத்துக்கே மன்னிக்கும் அதிகாரம் கிடையாது. சுற்றுச்சூழல் சார்ந்த முக்கியமான ஒரு தகராறைத் தீர்க்கச் சொல்வது பிரிவு 14. பிரச்சினை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், கூடவே 60 நாள். 'முதன்முதலில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். மாசு தினமும்தானே நடக்கிறது என்ற வாதம் எல்லா நேரமும் எடுபடாது. இழப்பீடும் சீரமைப்பும் கேட்பது பிரிவு 15. அதற்கு ஐந்து ஆண்டு, கூடவே 60 நாள்.

30 நாள் எப்போது தொடங்கும் என்பதில்தான் பெரும்பாலான சண்டை. அனுமதி வாங்கிய நிறுவனம் அதை ஏழு நாளுக்குள் உள்ளூரில் பரவலாக விற்கும் இரண்டு நாளிதழ்களில், ஒன்று வட்டார மொழியில், விளம்பரம் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. உள்ளாட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும், அமைச்சகம் தளத்தில் ஏற்ற வேண்டும். இந்தக் கடமைகளில் எது முதலில் முழுமையாக முடிகிறதோ அன்றிலிருந்து நாள் ஓடத் தொடங்கும் என்பது தீர்ப்பாயம் எடுத்திருக்கும் நிலை. எனவே விளம்பரம் வந்த நாளிதழைத் தேடுங்கள், பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டினார்களா என்று எழுத்தில் கேளுங்கள். தளத்தில் ஏற்றிய தேதியைக் காட்டும் திரைப்பிடிப்பை எடுத்து வையுங்கள். தாமத மன்னிப்பு மனு போட நேர்ந்தால் இவைதான் துணை.

அடுத்தது, எந்தச் சட்டத்தின் கீழ் போவது. பறவைக்காக வழக்கு என்று நினைப்பவர்கள் உடனே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பசுமைத் தீர்ப்பாயத்துக்கு ஓடுகிறார்கள். தீர்ப்பாயத்தின் அதிகார அட்டவணையில் அந்தச் சட்டம் இல்லவே இல்லை. அங்கே இருப்பவை தண்ணீர்ச் சட்டம், காற்றுச் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், வனப் பாதுகாப்புச் சட்டம், உயிரியல் பல்வகைமைச் சட்டம் முதலியவை. கூழைக்கடாவை அங்கே கொண்டுபோக வேண்டுமென்றால் 'அனுமதி தரும்போது இந்தப் பறவைகளைக் கணக்கில் எடுக்கவில்லை' என்ற வழியாகத்தான் கொண்டுபோக முடியும்.

வனவிலங்குச் சட்டத்துக்கு வேறு பாதை. அந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்பதன் வரையறை துப்பாக்கியோடு நிற்பதில்லை. காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டைதான். கூடுகட்டும் காலத்தில் ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களை வெட்டினால் வனச்சரகரிடம் இந்த வரையறையைக் குறிப்பிட்டுப் புகார் கொடுங்கள். வனத்துறை அசையவில்லையென்றால், பிரிவு 55-இன்படி 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் குற்றவியல் நீதிமன்றத்தில் நேரடியாகப் புகார் செய்யலாம். இந்த வசதியைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு. அறிவிப்புக் கடிதம் போனதுமே பல கோப்புகள் நகரத் தொடங்கும் என்பது அதன் இன்னொரு பயன்.

நம் ஊர் ஏரிகளுக்கென்று ஒரு பொறி இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் சதுப்புநில விதிகள், பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளை வரையறையிலேயே விலக்கிவிட்டன. தமிழ்நாட்டு ஏரிகளில் பெரும்பாலானவை பாசன ஏரிகள். ஆகவே அந்த விதிகளை மட்டும் நம்பி மனு எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் முடித்துவிடுவார். 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கண்டறிந்த, 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,01,503 நீர்நிலைகளைப் பாதுகாக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தத் தேசியத் தொகுப்பில் ஏரி, குளங்களும் உண்டு. உங்கள் ஏரி அதில் இருந்தால் அதையும் வாதமாக வைக்கலாம். பள்ளிக்கரணை போல, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறிய இடமென்றால் நிலைமையே வேறு. 2022-இல் 1,247 ஹெக்டேருக்கு மேல் அங்கே அறிவிக்கப்பட்டது. பாசன ஏரி என்பதற்காக அது அந்தப் பட்டியலை விட்டு விலகாது.

ஏரிக்குள்ளேயே ஆக்கிரமிப்பு என்றால் கையில் எடுக்க வேண்டியது 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம். அதற்கு 'அ' பதிவேட்டு நகல் (சர்வே எண் வாரியாக நிலத்தின் வகையைச் சொல்லும் கிராமப் பதிவேடு), புலப்படம் (ஒரு சர்வே எண்ணின் அளவு வரைபடம்), கிராம வரைபடம், பழைய அடங்கல் (சாகுபடிக் கணக்கு) நான்கும் வேண்டும். இப்போது பட்டா நிலமாக இருப்பது 'அ' பதிவேட்டில் ஒரு காலத்தில் வாய்க்கால் புறம்போக்காகவோ மேய்க்காலாகவோ இருந்ததா என்று பாருங்கள். ஆலை கேட்கும் நிலத்தின் நடுவே வரத்து வாய்க்கால் ஒன்று ஓடுவது புலப்படத்தில் தெரிந்துவிட்டால், பறவையைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுவதைவிட அந்த ஒரு தாள் கனமானது.

இப்போது, அனுமதிக்காக நிறுவனம் தரும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை. முந்நூறு, நானூறு பக்கம் இருக்கும். முழுவதையும் படிக்க நேரமில்லை என்றால் மூன்று இடங்களைப் படியுங்கள்.

முதலாவது, அடிப்படைத் தரவு எந்த மாதங்களில் எடுக்கப்பட்டது என்பது. மழைக்காலம் தவிர்த்து ஒரு பருவம் எடுத்தால் போதும் என்பதால் பல ஆலோசனை நிறுவனங்கள் மார்ச் முதல் மே வரை எடுத்துவிடுகின்றன. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் ஏரி சித்திரையில் வெடித்துக் கிடக்கும். அப்போது போய்ப் பார்த்துவிட்டு 'வலசைப் பறவைகள் ஏதும் காணப்படவில்லை' என்று எழுதினால் அது பொய்யாகாது, ஆனால் உண்மையும் ஆகாது. இதை உடைக்க, பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதை ஏற்றும் 'இபேர்டு' தளத்தில் உங்கள் ஏரிக்கு ஏற்றப்பட்ட பட்டியல்கள், ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, வனத்துறையின் ஒருங்கிணைந்த பறவைக் கணக்கெடுப்பு ஆகியவை போதும். உங்கள் ஏரிக்குப் பட்டியலே இல்லையென்றால் இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள். வாரம் ஒரு நாள், அதே இடத்தில் நின்று, அதே நேர அளவு எண்ணி ஏற்றினால் அது தரவு. நினைத்தபோது போய்ப் பார்த்தது அனுபவம் மட்டும்தான்.

இரண்டாவது, படிவம் 1. நிறுவனமே தன் கையால் நிரப்பித் தருவது இது. அருகில் நீர்நிலை, காடு, பறவைகள் கூடும் இடம் உண்டா என்ற கேள்விகளுக்கு 'இல்லை' என்று எழுதியிருந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். வேண்டுமென்றே மறைத்தாலோ தவறான தகவல் தந்தாலோ அனுமதியை ரத்து செய்யலாம் என்று அறிவிக்கையே சொல்கிறது. கோவாவில் மோபா விமான நிலையத்துக்கு வழங்கிய அனுமதியை 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்து, திரும்ப ஆராயச் சொன்னதற்கு முக்கியக் காரணம், படிவத்தில் மரங்களும் நீர்நிலைகளும் காணாமல் போயிருந்ததுதான். அடுத்த ஆண்டு கூடுதல் நிபந்தனைகளோடு அந்தத் தடை நீங்கிவிட்டது. அதையும் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதியில் குறை கண்டால் கிடைப்பது பெரும்பாலும் மறுபரிசீலனைதான்.

மூன்றாவது, நகலெடுத்த இடங்கள். வேறு மாவட்டத்தின் ஆற்றுப் பெயர், அந்தப் பக்கம் இல்லவே இல்லாத மரம், ஒரே வெப்பநிலை அட்டவணை இரண்டு அறிக்கைகளில். இவை அடிக்கடி வரும். பக்க எண்ணோடு குறித்து வையுங்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் இன்னும் நடக்கவில்லை என்றால் உங்கள் கையில் இருப்பதிலேயே பெரிய ஆயுதம் அதுதான். ஆனால் எல்லாத் திட்டத்துக்கும் கூட்டம் கிடையாது. பெரிய கட்டுமானத் திட்டங்களுக்கு விலக்கு உண்டு, ஏற்கெனவே அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைகளுக்கும் உண்டு. தனி நிலத்தில் வரும் ரசாயன ஆலைக்குக் கூட்டம் நடத்தியாக வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும், கலெக்டரோ அவரது பிரதிநிதியோ தலைமை தாங்குவார். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். முழு நிகழ்வும் வீடியோ எடுக்கப்பட வேண்டும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, கோபத்தில் கூட்டத்தைப் புறக்கணிப்பது அல்லது மேடையைக் கலைப்பது. கூட்டத்துக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை என்று எதுவும் இல்லை. நீங்கள் வெளிநடப்பு செய்தால் நிறுவனம் வேனில் அழைத்து வந்த நாற்பது பேர் வரவேற்றுப் பேசியது மட்டும் குறிப்பில் ஏறும். எதிர்ப்பைக் காட்ட வேண்டுமென்றால் வெளியே காட்டுங்கள். உள்ளே பத்துப் பேர் பிரித்துக்கொண்டு பேசுங்கள். ஒருவர் நிலத்தடி நீர், ஒருவர் பறவை, ஒருவர் வரத்து வாய்க்கால், ஒருவர் மீன் குத்தகை, ஒருவர் ஆலையின் கழிவு எங்கே போகும் என்று ஆளுக்கு மூன்று நிமிடம். ஒவ்வொருவரும் அறிக்கையின் பக்க எண்ணைச் சொல்லித் தொடங்கட்டும். பேசியதையே முன்னதாக எழுத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நீங்கள் எழுப்பிய கேள்விக்கு இறுதி அறிக்கையில் பதில் இல்லை என்பது பின்னாளில் மேல்முறையீட்டின் முதுகெலும்பாகும். கேட்காத கேள்விக்குப் பதில் இல்லை என்று யாரும் வழக்காட முடியாது.

கிராம சபையையும் அப்படித்தான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. 'ஆலை வேண்டாம்' என்று பொதுவாகத் தீர்மானம் போட்டால் பயன் குறைவு. சர்வே எண், ஏரியின் பரப்பு, ஆயக்கட்டு ஏக்கர், எத்தனை குடிநீர்க் கிணறு, என்ன பாதிப்பு என்று எழுதி நிறைவேற்றி, கையெழுத்திட்ட நகலை அன்றைக்கே வாங்குங்கள்.

தண்ணீர்ச் சான்று பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆலை இன்னும் ஓடவில்லை என்பது உங்களுக்கு ஒரு வசதி. இப்போதே ஏரியிலும், சுற்றியுள்ள நான்கைந்து கிணறுகளிலும் தண்ணீர் எடுத்து, தேசிய அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து வையுங்கள். மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. பத்து ஆண்டு கழித்து இழப்பீடு கேட்கும்போது 'இந்தத் தண்ணீர் முன்பே இப்படித்தான் இருந்தது' என்பார்கள். அதற்குப் பதில் இந்தத் தாள்களில்தான் இருக்கும். பொதுவான சோதனைக்குக் கேனை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். ஆக்சிஜன் தேவையைச் சோதிப்பதற்கான பாட்டிலைக் காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். கன உலோகச் சோதனைக்கு நைட்ரிக் அமிலம் சேர்த்த தனிப் பாட்டிலை ஆய்வகமே தரும், அதைக் கழுவிவிடாதீர்கள். குளிர்பானப் பாட்டிலில் பிடித்து மூன்று நாள் வீட்டில் வைத்திருந்த தண்ணீரின் முடிவைக் குறுக்கு விசாரணை தேவைப்படாமலேயே ஒதுக்கிவிடுவார்கள்.

ஆலை ஓடத் தொடங்கிய பிறகு கழிவு விடுவது தெரிந்தால், வெளியேறும் இடம், அதற்கு மேல்பக்கம், கீழ்பக்கம் என்று மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுக்கான பொது வரம்பு: அமிலக் காரக் குறியீடு 5.5 முதல் 9 வரை, உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராம், வேதி ஆக்சிஜன் தேவை 250. இதில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. தண்ணீர்ச் சட்டத்தின் பிரிவு 21-இன்படி, வாரிய அதிகாரி முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, ஆலைத் தரப்பின் முன்னிலையில் எடுத்த மாதிரிக்குத்தான் அந்தச் சட்ட நடவடிக்கையில் சாட்சிய மதிப்பு. நீங்கள் எடுத்தது தண்டனைக்கு உதவாது. ஆனால் தீர்ப்பாயம் பல துறை அதிகாரிகள் அடங்கிய கூட்டுக் குழுவை ஆய்வுக்கு அனுப்ப அது தாராளமாகப் போதும். அதை அந்த அளவுக்கே பயன்படுத்துங்கள்.

மனு எழுதும்போது. தென்மண்டல அமர்வு சென்னை சேப்பாக்கத்தில் கலச மகாலில் இருக்கிறது. தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, லட்சத்தீவு எல்லாம் இதன் எல்லை. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம். இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். வக்கீல் இல்லாமல் நீங்களே நின்று வாதாடவும் செய்யலாம். ஆனால் மேல்முறையீட்டுக்கு வக்கீல் வைத்துக்கொள்வதே புத்தி. தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். 'அ' பதிவேட்டைக் கடைசி நாளில் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் திண்டாட்டம்தான்.

ஒரு மனுவுக்கு ஒரே விவகாரம் என்பது விதி. ஆலை, பக்கத்துக் கல்குவாரி, பஞ்சாயத்துக் குப்பை மூன்றையும் ஒரே மனுவில் போட்டால் திருப்பிவிடுவார்கள். எதிர்மனுதாரர் பட்டியலில் ஆலை நிறுவனத்தை விட்டுவிட்டு அரசுத் துறைகளை மட்டும் சேர்ப்பது அடிக்கடி நடக்கும் இன்னொரு பிழை. பாதிக்கப்படும் தரப்பைக் கேட்காமல் தீர்ப்பாயம் கொடுத்த உத்தரவுகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. கோரிக்கையும் துல்லியமாக இருக்கட்டும். 'ஏரியைக் காக்க உத்தரவிட வேண்டும்' என்றால் நீதிபதி எதை எழுதுவார்? 'இந்த எண்ணுள்ள அனுமதியை ரத்து செய்ய வேண்டும், அதுவரை இன்ன சர்வே எண்களில் மண் வேலையை நிறுத்த வேண்டும், வரத்து வாய்க்காலைப் புலப்படத்தில் உள்ள அகலத்துக்கு மீட்க வேண்டும்' என்று எழுதுங்கள். இடைக்காலத் தடை கேட்பதைத் தள்ளிப் போடாதீர்கள். கட்டடம் எழும்பிவிட்டால் செலவழித்த கோடிகளைக் காட்டி அனுதாபம் கேட்பார்கள், அது பல நேரம் கிடைத்தும் விடுகிறது.

முதல் வாய்தாவிலேயே தீர்ப்பாயம் பெரும்பாலும் ஒரு கூட்டுக் குழுவை அமைக்கும். வழக்கின் தலையெழுத்து அந்தக் குழு வரும் நாளில்தான். குழு வருவது ஆலைக்கு முன்பே தெரியும், அன்றைக்குக் குழாயில் தெளிந்த தண்ணீர் வரும். ஆய்வின்போது மனுதாரரும் உடனிருக்க அனுமதி கேட்டு உத்தரவிலேயே எழுதச் சொல்லுங்கள். பார்க்க வேண்டிய இடங்களை இடக் குறியீட்டோடு முன்கூட்டியே குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். அறிக்கை வந்ததும் வரிக்கு வரி ஆட்சேபம் தாக்கல் செய்யுங்கள். மௌனமாக இருந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

எது நிலைக்கும், எது நிலைக்காது என்பதற்குத் தூத்துக்குடி ஸ்டெர்லைட் வழக்கைப் போலப் பாடம் வேறு இல்லை. 1996-இல் தொடங்கிய வழக்கில் 2010 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, 100 கோடி ரூபாய் இழப்பீட்டோடு ஆலையை ஓட விட்டது. 2018 ஏப்ரல் 9-இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையை இயக்குவதற்கான இசைவாணையைப் புதுப்பிக்க மறுத்தபோது சொன்ன காரணங்களைப் பாருங்கள்: நிலத்தடி நீர் ஆய்வறிக்கைகளைத் தரவில்லை, தாமிரக் கசடை உப்பாற்றின் ஓரத்தில் கொட்டியதை அகற்றவில்லை, அபாயக் கழிவுகளைக் கையாள அங்கீகாரம் இல்லை, சுற்றுப்புறக் காற்றில் கன உலோகங்களைச் சோதிக்கவில்லை, ஜிப்சம் குட்டை கட்டவில்லை. ஐந்தும் கேட்கச் சுவையற்றவை, ஐந்துமே தாளில் நிரூபிக்கக்கூடியவை. மே 22-ஆம் தேதி, போராட்டத்தின் நூறாம் நாளிலும், மறுநாளும் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். ஆறு நாளில் ஆலை மூடப்பட்டது. அந்த டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் ஆலையைத் திறக்கச் சொன்னது. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மாசு உண்டா இல்லையா என்று பார்த்து அல்ல, அந்த மேல்முறையீட்டைக் கேட்கவே தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இல்லை என்று. 2020 ஆகஸ்டில் உயர் நீதிமன்றமும் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் மூடியதை உறுதி செய்தன. தெருவில் நின்ற மக்கள் இல்லாமல் அந்த ஆலை மூடப்பட்டிருக்காது. மூடியது மூடியபடி நின்றதோ அந்தச் சுவையற்ற ஐந்து மீறல்களின் மேல்.

உயர் நீதிமன்றம் எப்போது? வனவிலங்குச் சட்டம், நில ஆவணம், அரசு அதிகாரி செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருப்பது ஆகியவற்றுக்கு ரிட் மனுதான் வழி. தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. பொதுநல வழக்கென்றால் தொழில், வருமானம், பான் எண், சொந்த நலன் இல்லை என்ற உறுதிமொழி எல்லாம் பிரமாணப் பத்திரத்தில் வேண்டும். கோரிக்கை சிறியதாக இருந்தால் வெற்றி எளிது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் வழியே போகும் திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்தைத் தடை செய்து 2019-இலேயே ஈரோடு கலெக்டர் அறிவிக்கை போட்டிருந்தார், அது கிடப்பில் கிடந்தது. புதிதாக எதையும் கேட்காமல் இருக்கும் அறிவிக்கையை அமல்படுத்தச் சொன்னதால் 2022 பிப்ரவரியில் தடை நடைமுறைக்கு வந்தது. உடனே தாளவாடிப் பகுதி மக்கள் எதிர்த்துத் தெருவுக்கு வந்ததும், உள்ளூர்க்காரர்களுக்குத் தளர்வு தர வேண்டி வந்ததும் அதே கதையின் இன்னொரு பாதி. காட்டுக்குள்ளும் காட்டோரத்திலும் வாழ்கிறவர்களோடு முதலில் பேசாமல் போடும் வழக்கு இப்படித்தான் திரும்பி வரும். உங்கள் ஏரியிலும் மீன் குத்தகைக்காரர், ஆடு மேய்ப்பவர், ஆலையில் வேலை கிடைக்கும் என்று நம்பும் இளைஞர் எல்லோரும் இருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டு நீதிமன்றம் போகாதீர்கள்.

'மனுவை எட்டு வாரத்தில் பரிசீலியுங்கள்' என்று கலெக்டருக்கு உத்தரவிட்டு முடித்துவிட்டால் வென்றுவிட்டோம் என்று பட்டாசு வெடிக்க வேண்டாம். பரிசீலித்து நிராகரிப்பதும் பரிசீலனைதான்.

பிரசாரத்துக்கு வருவோம். அதன் வேலை நீதிபதியை நெருக்குவது இல்லை. அனுமதி தரும் குழு, அமைச்சர், ஆலைக்குக் கடன் தரும் வங்கி இவர்களுக்குத் தகவல் போய்ச் சேரச் செய்வதும், அதிகாரிகள் கண்டும் காணாமல் இருப்பதைக் கடினமாக்குவதும்தான். வேடந்தாங்கல் நல்ல உதாரணம். 1998 அறிவிக்கை ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டரைச் சரணாலயமாக்கியது. 2020-இல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் திட்டம் வந்தது. எதிர்த்தவர்கள் இரண்டு ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விடுபடும் வளையத்தில் என்னென்ன இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. ஒரு வரைபடம், ஒரு கேள்வி, அதைக் கேட்க வேண்டிய அதிகாரியின் பதவி. துண்டுப் பிரசுரத்தில் இவ்வளவு இருந்தால் போதும். செய்தியாளருக்கும் இதையே கொடுங்கள். நாளிதழ்ச் செய்தியை வைத்துத் தானாக முன்வந்து விசாரிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுக எண்ணெய்க் கசிவு அப்படித்தான் விசாரணைக்கு வந்தது.

சில எச்சரிக்கைகள். 'லஞ்சம் வாங்கிவிட்டார்' என்று ஆதாரமில்லாமல் எழுதினால் அவதூறு வழக்கு வரும், அதன்பின் உங்கள் நேரம் முழுக்க அங்கேதான் போகும். 'ஆவணப்படி இப்படி இருக்கிறது' என்று மட்டும் எழுதுங்கள். காப்புக்காட்டுக்குள்ளோ ஆலை வளாகத்துக்குள்ளோ அனுமதியின்றி நுழைந்து படம் எடுக்காதீர்கள். பொதுச் சாலையும் ஏரிக்கரையும் போதும், கூகுள் எர்த்தின் பழைய படங்கள் மீதியைச் சொல்லும். மின்னணுப் படங்களுக்கு பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63 சான்றிதழ் வேண்டும் என்பதால் மூலக் கோப்பை அழிக்காமல் வையுங்கள். வாட்ஸ்அப் வழியாக வந்த நகலில் தேதியும் இடக் குறியீடும் போயிருக்கும். கூடுகளின் இருப்பிடத்தை வலைத்தளத்தில் போடவே போடாதீர்கள். படமெடுக்க வரும் கூட்டமும் திருடர்களும் ஒரே வரைபடத்தைத்தான் பார்க்கிறார்கள்.

தகவல் உரிமை மனுவைப் பற்றி ஒன்று மட்டும். பத்து ரூபாய், முப்பது நாள் எல்லோருக்கும் தெரிந்ததே. 'ஏன் அனுமதி கொடுத்தீர்கள்' என்று கேட்டால் பதில் வராது. 'இன்ன கோப்பின் குறிப்புத்தாள்கள், கள ஆய்வறிக்கை, இன்ன தேதியிட்ட கடிதத்தின் நகல்' என்று கேளுங்கள். கோப்பை நேரில் பார்வையிடவும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள்.

வென்ற பிறகுதான் நீண்ட வேலை. பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றி 1991-இல் தொடுத்த வழக்கில் 1996-இல் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்பதையும் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. அதே பாலாற்று மாசுக்காக 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் குழு அமைத்து இழப்பீடு கொடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே உத்தரவு வந்ததும் அதில் உள்ள ஒவ்வொரு கெடுவையும் எழுதி வையுங்கள். நிறைவேறவில்லையென்றால் தீர்ப்பாயத்தில் நிறைவேற்று மனு. உயர் நீதிமன்ற உத்தரவென்றால் அவமதிப்பு மனு, ஓராண்டுக்குள்.

ஒருவேளை ஆலைக்கு அனுமதி நிலைத்துவிட்டாலும், அதில் நாற்பது ஐம்பது நிபந்தனைகள் இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் நிறுவனம் அரையாண்டு இணக்க அறிக்கை தர வேண்டும், அது பொது ஆவணம். ஜூன் 2-ஆம் தேதி தளத்தில் தேடுங்கள். இல்லையென்றால் அன்றைக்கே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அமைச்சகத்தின் சென்னை வட்டார அலுவலகத்துக்கும் கடிதம் போடுங்கள். இருந்தால் கிணற்று நீர் அட்டவணையை எடுத்து, நீங்கள் முன்பே சோதித்து வைத்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.